தொழில் தெய்வமா, வழிபாடா? தமிழ்ச் சமயக் காப்பியங்கள் தரும் விடை

முன்னுரை

தமிழ் மாணவர் எழுதும் கட்டுரைகளுள் உழைப்பின் உயர்வு பற்றிய கட்டுரைக்கு என்றும் ஓர் இடம் உண்டு. அக்கட்டுரையின் முடிவுரையில், தொழிலைத் தெய்வமாகக் கூறும் பழமொழி பெரும்பாலும் வந்து நிற்கும். ஆசிரியரும் அதன் அருகே ஒரு சரிக்குறியிட்டு அடுத்த ஏட்டைப் புரட்டுவார். பலர் கைபட்ட நாணயத்தின் எழுத்து தேய்வதுபோல, அப்பழமொழியின் பொருளும் நாளடைவில் தேய்ந்துவிட்டது. தொழில் எப்பொழுது வழிபாடாகின்றது, எப்பொழுது ஆகாது, அவ்வாறு சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களை அது இன்று எழுப்புவதில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே வகுப்பறையில் சைவர் வீட்டுப் பிள்ளையும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும், கிறித்தவர் வீட்டுப் பிள்ளையும் அமர்ந்து தமிழ் கற்கின்றனர். தொழிலே தெய்வம் என்று ஆசிரியர் கூறும்பொழுது, இறைவன் ஒருவனைத் தவிர வணங்கத்தக்கது வேறெதுவும் இல்லை என்று வீட்டில் கற்றுவந்த முஸ்லிம் மாணவன் அதனை எவ்வாறு ஏற்பான்? ஏற்க இயலாது என்பதே நேர்மையான விடை. ஆயினும், தொழில் வழிபாடாகும் என்று கூறின் அவன் மனமுவந்து ஏற்பான். அவனுடைய சமயத்தின் நடுவான கொள்கைகளுள் அதுவும் ஒன்று. தெய்வம் என்பதற்கும் வழிபாடு என்பதற்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு சொல் வேறுபாடு மட்டுமன்று; பொருள் வேறுபாடும் ஆகும்.

இப்பொருளை ஆராய்வதற்குத் தமிழ் மொழியில் அரியதொரு வாய்ப்பு அமைந்துள்ளது. பௌத்தம் மணிமேகலையையும், சைவம் பெரியபுராணத்தையும், இஸ்லாம் சீறாப்புராணத்தையும், கிறித்தவம் தேம்பாவணியையும் தமிழுக்கு அளித்துள்ளன. இந்நான்கினையும் அருகருகே வைத்து நோக்கின், அன்றாடச் செயல் வழிபாடாவதற்குரிய எல்லைகள் புலனாகும். அவ்வெல்லைகளைக் காப்பியப் புலவர்கள் எவ்வளவு தூரம் காட்டினர், எவ்விடத்தில் மறைத்தனர் என்பதும் விளங்கும்.

எண்ணமே அடிப்படை

இஸ்லாத்தில் வணக்கத்தைக் குறிக்கும் ‘இபாதத்’ என்னும் அரபுச் சொல், அடிமை அல்லது அடியான் என்னும் பொருள் தரும் சொல்லோடு ஒரே வேரினை உடையது. வணங்குதல் என்பது அடியானாக வாழ்தல். அடியார் என்றும் தொண்டர் என்றும் சைவ நூல்கள் போற்றும் சொற்களைக் கற்ற தமிழ் மாணவனுக்கு இப்பொருள் அயலாகத் தோன்றாது.

மனிதர் இறைவனை வணங்குவதற்காகவே படைக்கப்பட்டனர் என்பது திருக்குர்ஆனின் கருத்து. ஒரு நாளில் ஐவேளைத் தொழுகை கடமையாகும். அவ்வைந்து வேளைகளுக்கும் செலவாகும் நேரம் ஒரு நாளில் சிறு பகுதியே. எஞ்சிய நேரத்தில் மனிதன் உண்கிறான், உறங்குகிறான், கடை திறக்கிறான், பிள்ளைகளைப் பேணுகிறான். வணக்கமே வாழ்வின் நோக்கமாயின், அந்நேரமெல்லாம் நோக்கத்திற்குப் புறம்பாய்ப் போய்விடலாகாது. ஆகவே, அச்செயல்களும் வணக்கமாக மாறுவதற்கு ஒரு வழி இருத்தல் வேண்டும். அவ்வழியே ‘நிய்யத்து’ எனப்படும் எண்ணம்.

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்னும் கருத்துடைய நபிமொழியையே இமாம் புகாரி தம் தொகுப்பின் முதல் நபிமொழியாக வைத்தார். அந்நபிமொழி ஓர் எடுத்துக்காட்டும் தருகின்றது. மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்து சென்றோருள் ஒருவர் இறைவனுக்காகச் சென்றார். மற்றொருவர் உலகப் பொருளுக்காகவோ ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ சென்றார். நடந்த வழி ஒன்று. தாங்கிய வெயிலும் ஒன்று. ஆயினும் இருவர் செயலும் ஒன்றல்ல. புறத்தே ஒன்றுபோல் தோன்றும் செயல்களை அகத்தே பிரித்துக் காட்டும் இந்நுட்பம் இலக்கியம் கற்பிப்போர் நன்கு அறிந்து போற்றத்தக்கது.

எண்ணம் தூயதாயின், வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் அறக்கொடையாகும். உடன்பிறந்தார் போன்றவரை முகமலர்ந்து நோக்குவதும் அறக்கொடையாகும். மனைவியின் வாயில் இடும் ஒரு கவளமும் நற்கூலிக்கு உரியதாகும். தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் முகந்து கொடுத்தவரின் பிழை பொறுக்கப்பட்டது என்னும் செய்தியும் நபிமொழித் தொகுப்புகளில் உண்டு.

கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலை நான்கு பகுதிகளாகவும் நாற்பது நூல்களாகவும் வகுத்தார். முதற்பகுதி தொழுகை, நோன்பு முதலிய வணக்கங்களைப் பற்றியது. இரண்டாம் பகுதி உண்ணல், மணத்தல், பொருளீட்டல், நட்புக் கொள்ளல், பயணம் செய்தல் முதலிய வழக்கங்களைப் பற்றியது. வழக்கங்களையும் சமய அறிவின் பகுதியாக்கி, வணக்கங்களை அடுத்து அவர் நிறுத்தியமை ஈண்டு நோக்கற்பாலது.

எண்ணத்தின் எல்லை

எண்ணம் ஒன்றே போதுமோ எனின், போதாது. நபிகள் நாயகம் அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்தது என்று வணிகர் விடையிறுத்தார். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபிகள் நாயகம், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று உரைத்தார்கள்.

அவ்வணிகர் வைகறையில் எழுந்திருக்கலாம். இறைவன் பெயர் கூறிக் கடை திறந்திருக்கலாம். குடும்பத்தைக் காக்கும் எண்ணமும் அவருக்கு இருந்திருக்கலாம். ஆயினும், ஈரத் தானியம் அடியில் இருக்கும் வரை அவ்வணிகம் வழிபாடாகாது. வாங்குவோனின் உரிமை அங்கே மறைக்கப்பட்டுவிட்டது. எண்ணத்திற்கு அடுத்த எல்லை பிறர் உரிமை என்பது இதனால் பெறப்படும்.

மூன்றாவது எல்லையும் ஒன்றுண்டு. நபிகள் நாயகம் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபொழுது, வீட்டாருக்குப் பணி செய்துகொண்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழச் சென்றுவிடுவார்கள் என்றும் ஆயிஷா நாயகியார் விடை கூறினார்கள். வீட்டுப் பணி இழிவு எனக் கருதப்படவில்லை. அதே வேளையில் தொழுகைக்கு அது மாற்றாகவும் ஆக்கப்படவில்லை. தாம் செய்யும் தொழிலே வழிபாடு, ஆதலின் வேறு வழிபாடு தமக்கு வேண்டா என்று கூறுவோருக்கு இச்செய்தியில் இடமில்லை. தொழுகை எண்ணத்தைத் தூய்மை செய்கின்றது; தூய எண்ணம் தொழிலை வணக்கமாக்குகின்றது. ஊற்றை அடைத்துவிட்டு வாய்க்காலில் நீர் தேடுவார் உண்டோ?

சீறாப்புராணத்தில் வணிகமும் பிணையும்

இக்கொள்கை தமிழ்க் காப்பியத்தில் எவ்வாறு இடம்பெற்றது என்பதே அடுத்து ஆராயத்தக்கது. வள்ளல் சீதக்காதி, அபுல் காசிம் மரைக்காயர் ஆகியோர் ஆதரவில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது.

நபித்துவம் அருளப்படுவதற்கு முன்னர், கதீஜா நாயகியாரின் வணிகப் பொருள்களோடு நபிகள் நாயகம் ஷாம் நாட்டிற்குச் சென்று வந்தமை வரலாறு. இப்பயணத்தை உமறுப்புலவர் விலாதத்துக் காண்டத்தில் பல படலங்களாக விரிக்கின்றார். பாதை போந்த படலம், சுரத்திற் புனலழைத்த படலம், புலி வசனித்த படலம் என்பன அவற்றுட் சில. பெயர்களே காட்டுவதுபோல, பாலையில் நீர் பெருகுவதும் விலங்கு பேசுவதுமாகிய அற்புதங்களே அங்கு ஓங்கி நிற்கின்றன. பயணத்திற்கு நோக்கமாகிய வணிகம், அதன்கண் அமைந்த நேர்மை, பிறர் பொருளைத் தம் பொருள்போற் பேணிய பொறுப்பு ஆகியவை அற்புதங்களின் ஒளியில் சற்று மங்கிவிடுகின்றன.

இது புலவரின் குறையென்று கூறுவதற்கில்லை. காப்பியத் தலைவன் நிகரற்றவனாக விளங்குதல் வேண்டும் என்பது அவர் கற்ற இலக்கணம். நாட்டு வருணனையும் நகர் வருணனையும் இன்றியமையாதன என்பதும் அவ்விலக்கணமே. அதனால்தான் அரபு நாட்டைப் பாடும்பொழுதும் தமிழ் மருதநிலத்தின் வயலும் வாய்க்காலும் அவர் பாட்டில் வந்து நிறைகின்றன. ஈரத் தானியத்துள் கைவிட்டுப் பார்க்கும் தலைவரையும், வீட்டுப் பணி செய்யும் தலைவரையும் முதன்மையாகப் பாடுவதற்கு அக்காப்பிய இலக்கணம் எளிதில் இடம் தருவதில்லை. சீறாப்புராணத்தை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர், அதனோடு நபிமொழிச் செய்திகளையும் சேர்த்துக் கூறினாலன்றி, அன்றாட வாழ்வில் வணக்கம் கண்ட நபிகள் நாயகத்தை மாணவர் முழுமையாக அறிதல் அரிது.

ஆயினும், ஓரிடத்தில் அற்புதமும் அன்றாட அறமும் ஒன்றையொன்று மறைக்காமல் இணைகின்றன. அதுவே மானுக்குப் பிணைநின்ற படலம். வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகின்றது. நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்கின்றார்கள். மான் சொன்னபடி கன்றுடன் திரும்புகின்றது. வேடன் மனம் மாறுகின்றான். மான் பேசியதே இப்படலத்தின் சிறப்பென்று பலர் கூறுவர். அதனினும் ஆழ்ந்ததொரு சிறப்பு இங்குண்டு. மான்மீது இரக்கம் கொண்ட நபிகள் நாயகம் கட்டை அவிழ்த்து அதனைத் துரத்திவிடவில்லை. அது வேடன் உழைப்பால் பெற்ற பொருள். அவனுக்கும் பசி உண்டு. ஆதலின், தாயின் கடனுக்கு இடமளித்து, வேடனின் உரிமைக்கும் தம்மையே பிணையாக வைத்தார்கள். இரக்கத்தின் பெயராலும் பிறர் உரிமையைப் பறித்தல் ஆகாது என்னும் இந்நுட்பமே இப்படலத்தின் உயிர்நிலை எனலாம்.

கல்லும் வலையும்

சைவத்தின் பக்கம் திரும்பின், சேக்கிழாரின் பெரியபுராணம் தொழிலாளர் பலரின் வரலாறாகவும் அமைந்திருத்தலைக் காணலாம். அறுபத்துமூவருள் திருநீலகண்டர் குயவர், திருக்குறிப்புத் தொண்டர் ஆடை வெளுப்பவர், அதிபத்தர் மீன் பிடிப்பவர், நேசர் நெய்பவர், இளையான்குடி மாறர் உழவர். சோழன் அவையில் அமைச்சராக விளங்கிய ஒருவர், துறையிலும் வயலிலும் உழைத்தோரைக் காப்பியத் தலைவர் வரிசையில் ஏற்றிப் பாடியமை 12-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த பெருஞ்செயல் ஆகும்.

திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் சிவனடியாரின் ஆடைகளை வெளுத்துத் தரும் பணியினர். குளிர்காலத்தில் மெலிந்த மேனியுடன் வந்த ஓர் அடியார், தம் அழுக்குக் கந்தையைப் பகல் மாய்வதற்குள் தரவேண்டும் என்னும் ஒப்பந்தத்தின்பேரில் கொடுக்கின்றார். தொண்டர் வெளுக்கின்றார், மழை பொழிகின்றது, மாலையாகியும் மழை விடவில்லை. குளிரால் நடுங்கும் ஒருவருக்குச் சொன்ன சொல் தவறியதே என்று கலங்கிய தொண்டர், துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதுகின்றார். இறைவன் திருக்கை தோன்றித் தடுக்கின்றது.

இவ்வரலாற்றில் தொழில் தெய்வமாக இல்லை. தொழிலே தெய்வமாயின், துணியை நன்கு வெளுத்ததோடு தொண்டரின் கடன் முடிந்திருக்கும். மழை பெய்தது அவர் குற்றமன்று என்று அவர் அமைதி கொண்டிருக்கலாம். ஆனால், அவர் கண் துணியின்மேல் இல்லை. துணிக்குரியவரின் குளிரின்மேல் இருந்தது. தொழில் யாருக்காகச் செய்யப்படுகின்றதோ அவர் வாழ்வோடு அது பொருந்தியிருப்பதே இங்கு வழிபாடு. அன்றாடம் பயன்பட்ட கல்லே சோதனையின் களமாக அமைந்ததும் கவனிக்கத்தக்கது. கோயிலின் கருவறைக்குச் செல்லாமல், துறையில் கிடந்த கல்லருகே இறைவன் வெளிப்படுகின்றான்.

ஆயினும், இங்கும் ஒரு குறையைச் சுட்டுதல் திறனாய்வின் கடன். இப்புராணத்தின் பெரும்பகுதி தொண்டை நாட்டையும் காஞ்சி நகரையும் பாடுவதில் செல்கின்றது. தொண்டரின் கதை இறுதியில் அமைந்த சில பாடல்களிலேயே முடிந்துவிடுகின்றது. நாள்தோறும் மூட்டை சுமந்து, உவர்மண் இட்டு, வெயிலில் விரித்து, மடித்துக் கொடுத்த ஆண்டுகள் பாட்டுக்குள் வரவில்லை. தலையை மோதிய ஒரு நாளே பெரிதாக வந்தது. இதனைக் கற்கும் மாணவன், உயிரை விடத் துணிவதே வழிபாடு என்று கொள்ளக்கூடும். உண்மையில், அந்த ஒரு நாளை அவருக்கு அளித்தவை பெயரின்றிக் கழிந்த அப்பழைய நாள்களே. அதனை எடுத்துக்காட்டுதல் ஆசிரியர் பொறுப்பு.

அதிபத்தர் வரலாற்றில் இக்குறை பெரிதும் நீங்குகின்றது. நாகைக் கடற்கரையில் நுளையர் வாழும் இருப்பிடத்தையும், வலையையும், மீன் குவியலையும் சேக்கிழார் கண்முன் நிறுத்துகின்றார். பிடிக்கும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவது அதிபத்தரின் வழக்கம். நூறு மீன் கிடைக்கும் நாளில் அது எளிது. நாளுக்கு ஒரு மீனே அகப்பட்ட காலம் வந்தது. அந்த ஒன்றையும் அவர் விட்டார். சுற்றம் பசியால் வாடிற்று. பின்னர் ஒரு நாள் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற மீன் ஒன்று அகப்பட்டது. அதனையும் அவர் கடலிலேயே விட்டார்.

இங்கு வழிபாடு தொழிலுக்கு வெளியே இல்லை, வலையிலேயே இருக்கின்றது. நிறைந்த வலையில் ஒரு மீனைக் கொடுப்பது வழக்கம். ஒரே மீன் உள்ள வலையில் அதனைக் கொடுப்பதே வழிபாடு. செயல் ஒன்றே. இழப்பு வந்த இடத்தில்தான் அது யாருக்குரியது என்பது தெளிவாகின்றது. நிய்யத்து என்று இஸ்லாம் கூறும் எண்ணம், சைவக் காப்பியத்தில் அன்பு என்னும் பெயரோடு இவ்வாறு சோதிக்கப்படுகின்றது.

பசிப்பிணி தீர்க்கும் பாத்திரம்

மணிமேகலையை இவ்வரிசையில் சேர்க்கும்பொழுது ஓர் எச்சரிக்கை தேவை. பௌத்தம் படைப்புக் கடவுளை வைத்துப் பேசும் சமயம் அன்று. ஆதலின், அன்றாடச் செயலை இறைவனுக்குப் படைத்தல் என்னும் பேச்சு அங்குப் பொருந்தாது. செயல் அறமாவதே அங்குக் கருதப்படுவது.

அவ்வறத்திற்கும் பௌத்தம் எல்லை வகுத்தது. எண்வகை வழிகளுள் ஒன்று நல்ல வாழ்க்கைத் தொழில். படைக்கருவி விற்றல், உயிர்களை விற்றல், ஊன் விற்றல், கள் விற்றல், நஞ்சு விற்றல் ஆகிய ஐந்தும் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டன. எத்துணை ஊக்கத்தோடு செய்தாலும் எல்லாத் தொழிலும் உயர்ந்ததாகிவிடாது என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் இயலாது. மீன் பிடிப்பவரை நாயன்மாராகக் கொண்ட சைவத்தோடு பௌத்தம் இவ்விடத்தில் வேறுபடுதலையும் மறைக்க வேண்டுவதில்லை. ஒப்பிடுதல் என்பது வேற்றுமைகளை அழித்துவிடுதல் அன்று.

சாத்தனாரின் ஆபுத்திரன் மதுரையில் வீடுதோறும் சென்று ஐயம் ஏற்றான். குருடர், செவிடர், முடவர், காப்பாரற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து முதலில் ஊட்டினான். எஞ்சியதைத் தான் உண்டான். திருவோட்டையே தலையணையாகக் கொண்டு உறங்கினான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியை அளித்தாள். இந்திரன் வந்து தேவர் உலகத்து இன்பத்தை எடுத்துரைத்தபொழுது, கொடுப்பதற்கும் காப்பதற்கும் இடமில்லாத உலகு தனக்கு எதற்கு என்னும் கருத்தில் ஆபுத்திரன் அவனை எள்ளி மறுத்தான். வீடுபேற்றிற்கு ஏணியாக அறம் செய்வோர் பலர். அறம் செய்ய இடமில்லாத விண்ணுலகை வேண்டாம் என்றவன் அவன்.

பின்னர் நாட்டில் மழை வளம் பெருகிற்று. பசித்தவரே இல்லாமற் போயினர். உண்பவர் எங்கே என்று தேடிய அவன், சாவக நாட்டில் பசி உண்டு என்று கேட்டுக் கப்பல் ஏறினான். சாவகம் என்பது இன்றைய ஜாவாவையோ அதனைச் சூழ்ந்த தீவுகளையோ குறிக்கும் என்று ஆய்வாளர் கருதுவர். பொருள் தேடிக் கடல் கடந்தோரின் வரலாற்றை அறிந்த தென்கிழக்காசியத் தமிழருக்கு, பசித்தவரைத் தேடிக் கடல் கடக்க முற்பட்ட இவ்விளைஞனின் கதை தனிச்சிறப்பு உடையது. கப்பல் அவனை மணிபல்லவத்தில் விட்டுச் சென்றது. உண்பார் எவரும் இல்லாத தீவில், தான் மட்டும் உண்ண விரும்பாது, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். அப்பாத்திரமே பின்னர் மணிமேகலையின் கைக்கு வந்தது, ஆதிரை இட்ட முதற்பிச்சையால் வளர்ந்தது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியது. உணவிடுதல் என்னும் அன்றாடச் செயலை ஒரு காப்பியத்தின் நடுப்பொருளாக்கிய பெருமை சாத்தனாருக்கு உரியது. ஏனைய மூன்று காப்பியங்களினும் இதில் அன்றாடச் செயல் அதிக இடம் பெற்றுள்ளது எனலாம்.

தச்சன் காப்பியத் தலைவனாதல்

இத்தாலி நாட்டில் பிறந்து தமிழ் நாட்டில் பணிபுரிந்த வீரமாமுனிவர் 1726-இல் நிறைவேற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் உடையது. இதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசை. தமிழ்ப் பெயர் வளன். விவிலியத்தின் நற்செய்தி நூல்களில் சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவர் தச்சர் என்பதும், சொன்னதைச் செய்தவர் என்பதுமே அங்குக் கிடைப்பன. குடும்பத்தைக் காத்தல், இரவோடிரவாக எகிப்துக்கு அழைத்துச் செல்லுதல், மீண்டும் அழைத்து வருதல் ஆகியவையே அவர் வரலாறு. பேசாத ஒருவரின் கையுழைப்பை இறைவனின் திட்டத்தில் ஓர் இன்றியமையாத இடத்தில் வைத்தமையே அவ்வரலாற்றின் சிறப்பு.

வீரமாமுனிவர் அவரைக் காப்பியத் தலைவராக்கத் துணிந்தது பாராட்டத்தக்க புதுமை. ஆயினும், உமறுப்புலவரைக் கட்டிய அதே காப்பிய மரபு இவரையும் கட்டிற்று. தாவீது அரசனின் வழித்தோன்றல் என்னும் பெருமையும், வானவர் வருகையும், நாட்டு நகர வருணனைகளும் ஓங்கி நிற்க, உளியும் இழைப்புளியும் பின்னே ஒதுங்குகின்றன. பேச்சற்ற தச்சருக்குச் செந்தமிழ் விரிவுரைகளை அளித்த புலவர், அவர்தம் பட்டறைக்கு அத்துணை இடம் அளிக்கவில்லை.

கிறித்தவ மரபில் அப்பட்டறைக்கு இடமில்லாமல் இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்டு வகுத்த மடத்து ஒழுங்கில், மடத்தின் கருவிகளையும் பாண்டங்களையும் பலிபீடத்துப் புனிதக் கலங்களைப் போலப் பேணவேண்டும் என்னும் விதி காணப்படுகின்றது. மண்வெட்டியும் பூசைக்கலமும் ஒரே மதிப்புப் பெறும் இடம் அது. 1955-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையின் திருநாளாக அறிவித்தார். உலகத் தொழிலாளர் நாளும் தச்சரின் திருநாளும் அவ்வாறு ஒரே நாளில் அமைந்தன.

ஒற்றுமையும் வேற்றுமையும்

நான்கு காப்பியங்களையும் தொகுத்து நோக்கின், வேற்றுமைகள் தெளிவாகவே உள்ளன. இஸ்லாத்தில் செயலை ஏற்பவன் உருவமற்ற ஒரே இறைவன். சைவத்தில் அவ்விறைவன் அடியார் வடிவிலும் வருவான். பௌத்தத்தில் ஏற்பவர் பசித்தவரே. கிறித்தவத்தில் வீட்டுக்குள் வளரும் குழந்தையே இறைமகன். இவ்வேற்றுமைகளை மூடிவிட்டு எல்லாம் ஒன்றே என்று கூறும் வழக்கம் மேடைக்கு எளிது. மாணவரின் அறிவுக்கு நன்றன்று.

எனினும், மூன்று எல்லைகளில் இவை பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. முதலாவது, எண்ணம் செயலை நிறுத்துப் பார்க்கின்றது. இரண்டாவது, பிறர் உரிமையும் பிறர் பசியும் எண்ணத்தை நிறுத்துப் பார்க்கின்றன. மூன்றாவது, இழப்பு வரும்பொழுதே அச்செயல் வழக்கமா, வழிபாடா என்பது வெளிப்படுகின்றது. நான்கனுள் ஒன்றேனும் தொழிலே தெய்வம் என்று கூறவில்லை. தொழிலைவிட உயர்ந்த ஒன்றன்பால் தொழிலைச் செலுத்துவதையே அவை போற்றுகின்றன.

இவ்வெல்லைகளைக் கடந்து பழமொழியைப் பயன்படுத்துவதால் விளையும் தீமை சிறிதன்று. வைகறை இருளில் பால்மரம் வெட்டச் சென்ற பெற்றோரின் உழைப்பால் கல்வி பெற்ற தலைமுறைகள் மலேசியத் தமிழரிடையே பல. அவ்வுழைப்பு தம் பிள்ளைகளுக்காகச் செய்த வழிபாடு என்று உழைத்தவரே கூறலாம். அப்பிள்ளைகளும் நன்றியுடன் கூறலாம். ஆனால், கூலியைக் குறைத்தவர் எழுந்து, உழைப்பே தெய்வம், ஆதலின் மனநிறைவு கொள்க என்று அறிவுரை கூறுவாராயின், அது சமயமும் அன்று, இலக்கியமும் அன்று. உழைத்தவனின் வியர்வை உலர்வதற்கு முன்னரே கூலியைக் கொடுக்கப் பணிக்கும் நபிமொழி அவருக்கே உரியது. படைப்பவன் தன் பொருளைப் படைக்கலாம். பிறன் பொருளைப் படைக்கச் சொல்லி ஏவுதல் படையல் ஆகாது.

முடிவுரை

தமிழாசிரியர் செய்யத்தக்கது பழமொழியை நீக்குவது அன்று. அதனை வினாவாக மாற்றுவது. மாணவன் கட்டுரையில் அப்பழமொழி வருமிடத்தில், யாருக்காகச் செய்யப்படும் தொழில், யார் உரிமையைக் காத்துச் செய்யப்படும் தொழில், இழப்பு வந்தாலும் நிற்கும் தொழிலா என்னும் மூன்று வினாக்களை ஓரத்தில் எழுதினால் போதும். அவன் அதிபத்தரின் ஒற்றை மீனையோ, கடைத்தெருவின் ஈரத் தானியத்தையோ, ஆபுத்திரனின் ஓட்டையோ தேடிச் சென்று விடை எழுதுவான். தன் சமயத்தைக் கைவிடாமலே அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவனின் சமயத்தையும் அறிந்துகொள்வான்.

திருத்துவதற்கு அடுக்கி வைக்கப்பட்ட ஏடுகளும் அன்றாடப் பணியே. அவற்றைப் படிக்காமல் சரிக்குறி இடுவதும் தொழிலே. ஒவ்வொரு பிள்ளையின் பிழையையும் அவன் எதிர்காலத்தின்மேல் வைத்த அக்கறையோடு நோக்குவதும் தொழிலே. இவ்விரண்டனுள் எது வழிபாடு என்பதை நான்கு காப்பியங்களையும் கற்பிப்போர் நன்கு அறிவர்.